இடது பக்கமாகப் படுக்கவும்

ஆகஸ்ட் மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, ஒரு பல் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், மருத்துவர் காபி குடித்துக்கொண்டிருந்த கோப்பையின் மேல் அங்கே வரவேற்பில் வேலை பார்க்கும் பெண் தன் அண்ணனுடைய காலைப் பார்த்தாள்.

கால் என்றால் பாதம் மட்டும். நாற்காலி விளிம்பில் குதிகாலை ஊன்றி, அப்போதுதான் காலுறையிலிருந்து விடுபட்ட ஐந்து விரல்களும் விசிறி மாதிரி விரிந்திருந்தன. கட்டை விரலைவிட அடுத்த விரல் ஒரு நகம் அளவுக்கு நீளம். கட்டை விரல் நகத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு. படத்துக்குக் கீழே 'சாயங்காலம் ஆறு மணி' என்று எழுதியிருந்தது. முப்பத்தோரு வருடமாக அவள் பார்த்துவரும் கால் அது. சின்ன வயதில் அதனிடம் உதையும் வாங்கியிருக்கிறாள். ஆள் மாற வாய்ப்பே இல்லை.

மருத்துவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கழுவித் தருகிறேன் என்று கோப்பையை வாங்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு பரிசுப்பொருள் கம்பெனியின் முத்திரை. அதைச் சுற்றி வட்டமாக, 'எங்கள் ஓவியக் குழுவின் சொந்தப் படைப்பு.'

அந்தப் படத்தை வரைந்தவள் அவளுடைய அண்ணி.

அண்ணி, மருந்து அட்டைப்பெட்டியும் அதற்குள் மடித்து வைக்கும் தாளும் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடமாகப் படம் போடுகிறவள். கண்ணில் சொட்டு மருந்து விடுவது எப்படி, மூக்கில் பீய்ச்சுவது எப்படி, குழந்தைகளால் திறக்க முடியாத மூடியைப் பெரியவர்கள் திறப்பது எப்படி என்று எண் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள். அந்தக் கட்டங்களில் இருக்கும் மனிதர்கள் சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. சிரித்தால் மருந்தை விளம்பரம் செய்வதாகிவிடும், சுளித்தால் பயமுறுத்துவதாகிவிடும். வரைந்தவர் பெயரும் தாளில் வராது. ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டு மருந்து டப்பாவிலும் அவள் கைவேலை இருந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

நாள் முழுவதும் சிரிக்காத மனிதர்களை வரைந்த கைக்கு ஆறுதலாகவோ என்னவோ, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தனக்கென்று ஒரு படம் போடுவாள். அச்சகத்தில் பெட்டி வெட்டியது போக மிஞ்சும் அட்டைத் துண்டுதான் காகிதம். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல். வெள்ளைப் பக்கத்தில், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்காவது கிடைத்த ஒரு சின்னச் சுகம். தலையணையைத் திருப்பிப் போட்டுக் குளிர்ந்த பக்கத்தில் கன்னத்தை வைப்பது. புதுத் தட்டில் ஒட்டிய சீட்டு கிழியாமல் ஒரே இழுப்பில் கையோடு வருவது. இஸ்திரி போட்ட துணியை மடிக்குமுன் ஒரு நொடி முகத்தில் ஒற்றிக்கொள்வது. வருகிறோம் என்று சொன்ன விருந்தாளிகள், வர முடியவில்லை என்று போன் செய்வது. நடக்காததை வரைவதில்லை என்று அவளுக்கு ஒரு விதி உண்டு. படத்தில் கையெழுத்துப் போடும் பழக்கம் கிடையாது. பதினொரு வருடம் போடாமல் இருந்து, போட வேண்டும் என்ற நினைப்பே விட்டுப்போயிருந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நூற்றுச் சொச்சம் கட்டடங்களின் லிஃப்ட் அவன் பொறுப்பு. அவர்கள் மூவரும் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. மனைவியின் படத்தைத் தினமும் போனில் பிடித்து ஸ்டேட்டஸில் வைப்பான். ஒரு நாள் முடிந்ததும் அது தானாக மறைந்துவிடும். போனில் இடம் போதவில்லை என்று மாதக் கடைசியில் எடுத்த படங்களையும் மொத்தமாக அழித்துவிடுவான். அவன் போனில் இருந்த எண்கள் கட்டட மேலாளர்கள், காவலாளிகள், கம்பெனி முதலாளிகள் ஆகியோருடையவை. அதாவது அண்ணியின் ரசிகர்கள் எல்லாரும் எப்போதாவது ஒரு தடவை லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள்.

பொது நூலகத்தின் நூலகரும் அப்படி மாட்டியவர்தான். ஜூலை மாதம் அவர் அண்ணனிடம் சொல்லியனுப்பினார்: நூலகம் அடுத்த வருடத்துக்குப் போடும் காலண்டருக்கு இந்தப் படங்களில் பன்னிரண்டு வேண்டும், ஒவ்வொரு தாளிலும் வரைந்தவர் பெயர் இருக்கும். அண்ணி சரி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். ஆனால் அந்த வாரம் முழுக்க வீட்டுச் சாமான் பட்டியலின் ஓரங்களில் அவளுடைய பெயர் சிறிதாகவும் பெரிதாகவும், சாய்வாகவும் நிமிர்ந்தும் எழுதிப் பார்க்கப்பட்டிருந்ததைத் தங்கை கவனித்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை.

அதனால்தான் கோப்பையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் நின்றும் போனது. மத்தியான இடைவேளையில் அந்தக் கம்பெனியின் கடைக்குப் போய்ப் பார்த்தாள். தலையணை, நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் இருந்தது. இஸ்திரித் துணி, ஒரு பையின் மேல். வராத விருந்தாளிகள், வாசலில் போடும் மிதியடியில். பதினான்கு படங்கள் வரை எண்ணிவிட்டு, ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் அண்ணன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபப்பட வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

"எத்தனை வீட்ல இருக்கும் இது?" என்றான்.

"உன் கால வாயில வச்சுக் குடிக்கிற வீடு ஊர்ல நிறைய இருக்குண்ணா. பெருமையா இருக்கா?"

"அதில்ல. கேட்டேன்."

பிறகு காலுறையைக் கழற்றி, காலைத் தூக்கிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். சாப்பிடுகிற இடத்தில் என்ன இது என்று தங்கை நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அண்ணன் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். நகம் பிளந்திருப்பது அவனுக்கு இடது காலில். கோப்பையில் இருந்தது வலது கால். இது நான் இல்லை என்றான், லேசான ஏமாற்றத்தோடு.

அண்ணி கோப்பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினாள். கண்ணாடிக்குள் அது இடது கால் ஆனது. அவள் போட்ட கோடுகள் ஒன்றுகூட மாறவில்லை. இடத்தை வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்து கோப்பையைக் கவிழ்த்து, அடியில் இருந்த வாசகத்தை ஒருமுறை படித்தாள். "சொந்தப் படைப்பாம்" என்று சொல்லிவிட்டு அதைப் பாத்திரங்களோடு போட்டுக் கழுவினாள்.

கம்பெனி ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தின் லிஃப்டும் அண்ணனுடையதே. முதலாளியின் எண் அவன் போனில் இருந்தது. அவனுடைய எண் முதலாளியின் போனில் இருந்தது. படங்கள் போன வழி அவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது. தங்கை அந்த முதலாளிக்குக் கோப்பைக்காரர் என்று பெயர் வைத்தாள்.

அண்ணி ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போனாள். கோப்பைக்காரர் எழுந்து நின்று வரவேற்றார், தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஓவியக் குழு எங்கே என்று கேட்டதற்கு ஜன்னலோரம் கையைக் காட்டினார். அங்கே ஒரு கணினியும், ஒரு காலி நாற்காலியும், நாற்காலியின் முதுகில் ஒரு சட்டையும் இருந்தன. குழு சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்.

அவள் கொண்டுபோன அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உண்மையாகவே ரசித்துப் பார்த்தார். பிறகு தடித்த பதிவேடு ஒன்றைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண், தேதி, முத்திரை. கால் படத்துக்கு ஏப்ரல் மாதத் தேதி போட்டிருந்தது. உங்கள் அட்டையில் தேதி எங்கே என்று கேட்டார். அட்டையின் சாம்பல் பக்கத்தில் தங்கையின் கையெழுத்தில் சோப்பு, தீப்பெட்டி, பல்ப் என்று எழுதியிருந்தது. தேதி இல்லை.

"தலையணையத் திருப்பிப் போடறதுக்கு யாரும்மா உரிமை வாங்கியிருக்காங்க? நானும்தான் தினமும் திருப்பிப் போடறேன்" என்றார்.

"தாராளமாப் போடுங்க சார். வரைஞ்சது நான்."

"சந்தோஷம் எல்லாருக்கும் பொதும்மா."

"அப்ப அடியில உங்க முத்திரை எதுக்கு?"

அவர் மனம் விட்டுச் சிரித்தார். இவ்வளவு பேசத் தெரிந்தவர் எங்கள் குழுவில் சேரலாமே என்றார். நூலகக் காலண்டர் விஷயம் தனக்கும் தெரியும் என்றும், நூலகத்திலிருந்து விசாரித்தார்கள் என்றும், தாராளமாக அச்சடிக்கட்டும், கம்பெனி பெயர் மட்டும் கீழே இருந்தால் போதும் என்று அனுமதி கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். புறப்படும்போது அவளுக்கு ஒரு கோப்பை பரிசளித்தார்.

இரண்டு நாள் கழித்து நூலகர் போன் செய்தார். நூலகக் குழுவில் ஒருவர் வீட்டில் அந்த மிதியடி இருக்கிறதாம். அண்ணி மேல் தனக்குச் சந்தேகம் இல்லை என்றும், ஆனால் கையில் எதுவும் இல்லாமல் குழுவிடம் வாதாட முடியாது என்றும் சொன்னார். செப்டம்பர் முப்பது வரை நேரம் இருக்கிறது. அதற்குள் படங்கள் அவளுடையவை என்று காட்டிவிட்டால் அவள் பெயர். இல்லாவிட்டால் கம்பெனியின் பெயரோடு அச்சுக்குப் போகும், அவள்தான் அவர்களைப் பார்த்துப் போட்டாள் என்று குழுவின் குறிப்பில் எழுதப்படும்.

அன்று அண்ணி படம் போடவில்லை. சாமான் பட்டியலின் ஓரம் வெறுமையாக இருந்தது.

வழி சொல்ல முன்வந்தவள் தங்கை. அவளுடைய முதல் யோசனை, கோப்பைக்காரரை நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, பேச்சுவார்த்தையை மேலேயிருந்து நடத்துவது. அண்ணனுக்கு முகம் இறுகிவிட்டது. லிஃப்ட் விஷயத்தில் விளையாட்டு கிடையாது, வேறு எதில் வேண்டுமானாலும் விளையாடு என்றான். அவரை ஸ்டேட்டஸ் பார்க்க விடாமல் போனில் தடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னான்.

"கதவைச் சாத்திட்டா அப்புறம் அவர் கையில எதைக் குடுக்கிறது?" என்றாள் தங்கை. "நல்லாத் திறந்து வை. அண்ணி, இனிமே யாரும் செய்யாததா வரைங்க. எவனுக்கும் சந்தோஷம் குடுக்காததா. அதையும் எடுத்துப் போடுவார். ஊரே சிரிக்கும்."

அண்ணி தயங்கினாள். நடக்காததை வரைவதில்லை என்பது அவள் விதி. ஆனால் வேறு வழி தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து மாட்டிக்கொள்ளும் ஒருவரை வரைந்தாள். அடுத்த நாள், துணி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஆப்பிள் தின்னும் ஒருவரை. மூன்றாம் நாள், மழை பெய்யாதபோது வீட்டுக்குள் குடையை விரித்து அதன் கீழே அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் ஒருவரை. மூன்று பேருடைய முகத்திலும் அசட்டுத்தனம் வழியும்படி பார்த்துக்கொண்டாள். அண்ணன் மூன்றையும் ஸ்டேட்டஸில் வைத்தான்.

ஒன்பதாம் நாள் மூன்றும் கடைக்கு வந்தன, வழக்கம்போல இடம் வலமாகத் திரும்பி. ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே வாங்கியது. அந்த வாரம் பல் மருத்துவமனையின் ஃபிரிட்ஜில் அச்சு எடுக்கும் பசைக்குப் பக்கத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருந்ததாகத் தங்கை வந்து சொன்னாள். ஒன்று மருத்துவருடையது. இன்னொன்று யாருடையது என்று அண்ணன் கேட்டான். தங்கை பேச்சை மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி அலமாரியைத் திறந்தபோது உள்ளே சட்டைகளுக்குக் கீழே அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் பாதி ஆப்பிள்.

"சும்மா பாத்தேன்" என்றான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கும்மா. கடிக்கிற சத்தம் ரொம்பப் பெரிசாக் கேக்குது."

அண்ணி கதவை மறுபடி சாத்தினாள். திட்டம் தோற்றுவிட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. அசட்டுத்தனமாக எதைக் கற்பனை செய்தாலும் அதில் யாருக்காவது ஒரு சுகம் இருந்து தொலைத்தது. இப்படியே போனால் கோப்பைக்காரருக்கு அவள் இன்னும் நல்ல நல்ல சரக்காகத்தான் கொடுத்துக்கொண்டிருப்பாள். செப்டம்பர் மூன்று ஆகியிருந்தது.

மறுநாள் அச்சகத்தில் ஒரு பழைய தாள் மறுபதிப்புக்கு வந்தது. விழுங்க முடியாதவர்களுக்குப் பின்வழியாக உள்ளே வைக்கும் மாத்திரையின் தாள். படங்கள் மூன்று வருடத்துக்கு முன் அவளே போட்டவை. படம் 1, உறையைப் பிரிப்பது. படம் 2, நோயாளி படுத்திருப்பது. கீழே வாசகம்: 'இடது பக்கமாகப் படுக்கவும். வலது முழங்காலை மார்பை நோக்கி மடக்கவும். வலது கையைப் பின்னால் கொண்டுசெல்லவும்.' கட்டத்துக்குள் ஒரு மனிதன் அப்படியே படுத்திருந்தான். சிரிக்கவும் இல்லை, சுளிக்கவும் இல்லை. வலது கை பின்னால் போயிருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எதையோ மெதுவாகப் பிடித்திருந்தன.

அந்தப் படத்தை அவள் வேலை மும்முரத்தில் வரைந்து கொடுத்திருந்தாள். இப்போது பார்த்தபோது, விஷயம் தெரியாத ஒருவனுக்கு இவனைவிட நிம்மதியான மனிதன் உலகத்தில் இருக்க முடியாது என்று தோன்றியது.

மருந்துத் தாளில் பெயர்தான் வராதே தவிர, ஒவ்வொரு படத்துக்கும் அச்சகத்தில் ஓர் ஒப்புதல் படிவம் உண்டு. அதில் படத்தின் பிரதி ஒட்டப்பட்டு, வரைந்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முத்திரை, தேதி எல்லாம் இருக்கும். நாளைக்கு யாராவது மாத்திரையைத் தவறான இடத்தில் வைத்துக்கொண்டு வழக்குப் போட்டால் யாரைக் கேட்பது என்பதற்கான ஏற்பாடு அது. பிரிவு மேலாளரிடம் அந்தப் படிவத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்றார். வீட்டில் ஒரு தகராறு என்றாள். அவர் படிவத்தையும் அவளையும் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் நகல் எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, மேலே அட்டை போடாமல் மெல்லிய காகிதத்தை வைத்து, கோடு பிசகாமல் அந்த மனிதனை எடுத்தாள். தலைக்கு ஒரு தலையணை கொடுத்தாள். ஜன்னல் வெயிலைக் கொஞ்சம் காலில் விழவைத்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நோயாளியைச் சிரிக்கவும் வைத்தாள். பின்னால் போன கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பூனையைச் சுருட்டிப் படுக்கவைத்தாள். விரல்கள் மூன்றும் இருந்தபடியே பூனையின் காதைப் பிடித்தன. கீழே எழுதினாள்: 'இன்று எழுந்திருக்க வேண்டாம்.'

தங்கை படத்தைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாள். அண்ணி மருந்துத் தாளைப் பக்கத்தில் வைத்தாள். தங்கை வாசகத்தைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. படித்து முடித்ததும் ஸ்டேட்டஸில் வைத்தான். வைத்துவிட்டுத்தான் சிரித்தான்.

பத்து நாளில் அது குஷனாக வந்தது. கம்பெனி அதுவரை போட்டவற்றிலேயே அதற்குத்தான் கிராக்கி. கடை வாசலில் அந்தக் குஷன்களை மனித உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த வழியாகப் போன ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிர்வாகி, பார்வையாளர் கூடத்துக்கு நாற்பது குஷன் எடுத்தார். ஒரே நாளில் நாற்பதும் திரும்பி வந்தன. கூடவே தலைமைச் செவிலியர் கைப்பட எழுதிய ஒரு வரி: 'படுத்திருக்கும் நிலை சரி. பக்கம் தவறு.'

கோப்பைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வாரம் லிஃப்டுக்கு எண்ணெய் போட வந்த அண்ணனிடமே கேட்டார். நடுவில் நடந்த மனஸ்தாபத்தை எல்லாம் அவர் மனதில் வைத்துக்கொள்ளாத மனிதர்.

"நீங்க அந்த ஆஸ்பத்திரி லிஃப்டும் பாக்கறீங்கல்ல. நர்ஸம்மா என்ன சொல்றாங்கன்னு கொஞ்சம் விசாரிங்களேன். குஷன்ல ஏதுங்க தப்பான பக்கம்?"

"ரெண்டு பக்கமும் பஞ்சுதானே சார்" என்றான் அண்ணன். விசாரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, லிஃப்ட் மேல் ஏறிக் கதவை மூடிக்கொண்டு சிரித்தான்.

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு நூலகர் தன் அறைக்கு இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். மேஜைக்கு ஒரு பக்கம் கோப்பைக்காரர், பதிவேட்டோடும் சில சரக்குகளோடும். மறுபக்கம் அண்ணி. அவளுக்குப் பின்னால், கூப்பிடாமலே வந்த அண்ணனும் தங்கையும். நூலகர் அறுபதை நெருங்கியவர், எதையும் அவசரமாகச் செய்யாதவர். யார் முதலில் பேசுவது என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து தன் இடது காலைச் சாட்சியாகக் காட்டத் தயாராக இருப்பதாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். அவசியம் ஏற்பட்டால் சொல்கிறேன் என்று நூலகர் அவனை உட்காரவைத்தார்.

அண்ணி, தான் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள். கோப்பைக்காரர் கொண்டுவந்திருந்த குஷனைக் காட்டி, இதை வரைந்தது யார் என்று கேட்டாள்.

கோப்பைக்காரருக்கு முகம் மலர்ந்தது. அந்தப் படத்தின் மேல் அவருக்கு நிஜமாகவே பிரியம் இருந்தது. தங்கள் குழுவைச் சேர்ந்த கலைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் இதே மாதிரி படுத்திருந்தபோது அவருக்கு இது தோன்றியது என்றார். தானே அதை நேரில் பார்த்ததாகவும் சேர்த்துக்கொண்டார்.

"நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டாள் தங்கை.

"பாத்தேம்மா. என்ன ஒரு நிம்மதி அந்த முகத்துல."

நூலகர் அதைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். அண்ணி பையிலிருந்து மருந்துத் தாளையும் ஒப்புதல் படிவத்தின் நகலையும் எடுத்து மேஜையில் வைத்தாள். நூலகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டும் அதே குரலில், நிறுத்தி நிதானமாக, மருந்தின் பெயரிலிருந்து ஆரம்பித்துப் படம் 2-இன் வாசகம்வரை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துக் குஷனைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். திரும்பியிருக்கிறதே என்றார்.

தங்கை கைப்பையைத் திறந்தாள். நல்ல கண்ணாடி எடுத்துவர மறந்து, மருத்துவமனையிலிருந்து பல் பார்க்கும் கண்ணாடியைத்தான் எடுத்து வந்திருந்தாள். நீளக் காம்பின் நுனியில் நாலணா அகலத்துக்கு ஒரு வட்டம். நூலகர் அதை வாங்கி, குஷனுக்கு முன்னால் பிடித்து, கடைவாய்ப் பல்லைத் தேடுகிறவர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முழங்கால், தோள், மடங்கிய கை. கடைசியாகப் பூனையின் காதைப் பிடித்த மூன்று விரல்களுக்கு வந்தபோது அவருடைய தோள்கள் இரண்டு தடவை குலுங்கின. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தில் இருந்த தேதியையும் கையெழுத்தையும் பார்த்தார்.

"இது மூணு வருஷத்துக்கு முன்னாடி இவங்க போட்ட படம். அரசாங்க முத்திரை இருக்கு" என்றார். "இந்த மாச ஆரம்பத்துல இதுக்கு ஒரு தலையணையும் பூனையும் குடுத்து இவங்க வீட்டுல வரைஞ்சிருக்காங்க. இப்ப நீங்க சொல்லுங்க. உங்க குஷன் எதைப் பாத்துப் போட்டது? இவங்க வீட்டுப் படத்தைப் பாத்தா, இல்ல இந்த மருந்துத் தாளைப் பாத்தா?"

கோப்பைக்காரர் மருந்துத் தாளை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. வாசகத்தை இரண்டு தடவை படித்திருக்க வேண்டும். பிறகு குஷனைப் பார்த்தார். கடை வாசலில் மனித உயரத்துக்கு அடுக்கியிருப்பது அவர் கண் முன்னால் வந்திருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு வரியும் அப்போது அவருக்குப் புரிந்திருக்கலாம். காது மடல்கள் சிவந்தன.

"அந்தம்மா வீட்டுப் படத்தைப் பாத்துதான்" என்றார்.

"மத்ததும்?"

"மத்ததும்தான்."

நூலகர் அதை எழுதி, திருப்பி வைத்து, கையெழுத்துக் கேட்டார். அவர் போட்டார். போட்டுவிட்டு, மாத்திரை விஷயம் இந்த அறையோடு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அண்ணி, தன் தரப்பில் ஒன்றும் ஆட்சேபம் இல்லை என்றாள். கோப்பையின் அடியில் முத்திரை இருக்கிற இடத்தில் தன் பெயர் வந்தால் தனக்கு மருந்துத் தாள் மறந்துபோய்விடும் என்றும் சொன்னாள். அவர் பேனாவை இன்னும் மூடவில்லை. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமைச் செவிலியருக்கும் மறந்துபோகுமா என்று தங்கை கேட்டாள். அண்ணன் அவளை வெளியே அழைத்துக்கொண்டு போனான்.

குஷனைக் கம்பெனி நிறுத்தவில்லை. நிறுத்த முடியாத அளவுக்கு விற்றது. அக்டோபர் கடைசியிலிருந்து அதன் மூலையில் அண்ணியின் பெயர் தைத்து வருகிறது. ஜன்னலோர நாற்காலிக்கு உரியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நூலகத்தின் காலண்டர் டிசம்பர் நான்காம் தேதி வெளிவந்தது. ஆயிரத்து இருநூறு பிரதிகள். பன்னிரண்டு தாள்களிலும் வலது கீழ்மூலையில் வரைந்தவர் பெயர் அச்சாகியிருக்கிறது.